பன்னித் தீவனம் சும்மா வருதுன்னு யார் சொன்னது?

"பன்னிக்கு என்னங்க பெரிய தீவனச் செலவு? ஹோட்டல் மிச்சத்தைக் கொண்டாந்து கொட்டுனா தின்னுட்டுப் படுத்துக்குது. வர்றதெல்லாம் லாபம்தானே?"

மாசத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, சில சமயம் துபாயிலிருந்தும். கம்ப்யூட்டர் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து பண்ணை வைக்கலாமா என்று யோசிக்கிற தம்பிகள்தான் அதிகம். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனா கையில் ஒரு யூடியூப் வீடியோவை வச்சுக்கிட்டுப் பேசுகிறார்கள். தீவனச் செலவே இல்லாத தொழில், பத்துப் பன்றி வச்சா லட்சாதிபதி என்கிற மாதிரித் தலைப்பு. அந்த வீடியோவில் சிரித்துக்கொண்டே கணக்குச் சொல்பவர் பெரும்பாலும் கறிக்குப் பன்றி விற்கிறவர் இல்லை, குட்டி விற்கிறவர். நீங்க பண்ணை வச்சாத்தான் அவர் குட்டி போணியாகும். இதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் வீடியோவைப் பாருங்க.

நான் முசிறிக்குப் பக்கம், காவிரிக்கு வடகரையில் விவசாயம் பார்க்கிறவன். வாழை, கொஞ்சம் கோரை, அதோடு ஒரு கொட்டகையில் இருபது வெண்பன்றி. இருபது என்பது பெரிய பண்ணைக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனா எங்களை மாதிரி ரெண்டு மூணு ஏக்கர்க்காரன் தாங்குகிற அளவு அதுதான். அந்த அளவுக்கே கணக்குச் சொல்கிறேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்குங்க.

பன்றி, மாடு மாதிரி கிடையாது. மாட்டுக்கு அசை போடுற வயிறு. வைக்கோலைத் தின்று பாலாக மாத்தும். பன்றிக்கு நம்மளை மாதிரி ஒத்த வயிறு. நமக்கு என்ன தேவையோ அதுதான் அதுக்கும் தேவை. மாவுச்சத்து வேணும், புரதம் வேணும், உப்பு, தாதுச்சத்து வேணும். வளர்ற பன்றிக்குத் தீவனத்தில் 16லிருந்து 18 சதவீதம் புரதம் இல்லை என்றால் எடை ஏறாது, கொழுப்புதான் ஏறும்.

நானே அரைத்துக் கலக்கிற தீவனத்துக்கு நூறு கிலோ கணக்கு இது. மக்காச்சோளம் 50 கிலோ, அரிசித் தவிடு 25, சோயாப் புண்ணாக்கு 20, கருவாட்டுத் தூள் 3, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாதா உப்பு அரைக் கிலோ. சோளம் கிலோ 24 ரூபாய் என்று வைத்தால் 1,200. தவிடு 20 ரூபாய்க்கு 500. சோயா 45க்கு 900. கருவாட்டுத் தூள் 60 ரூபாய்க்கு 180. தாது உப்பு 120. உப்பு அஞ்சு ரூபாய். ஆக மொத்தம் 2,905. அரைவைக் கூலி, வண்டி வாடகை சேர்த்தால் மூவாயிரம். கிலோ 30 ரூபாய். கடையில் மூட்டையாக வாங்கினால் இதைவிடக் கூட வரும்.

ரெண்டு மாசத்தில் பால் மறக்கடித்த குட்டி பத்துக் கிலோ இருக்கும். அதை 90 கிலோவுக்குக் கொண்டுபோகணும். அதாவது 80 கிலோ எடை ஏறணும். ஒரு கிலோ ஏற மூன்றரைக் கிலோ தீவனம். எண்பதுக்கு 280 கிலோ, ரூபாய் 8,400. குட்டி வாங்கின விலை 3,500. மொத்தம் 11,900. எங்க பக்கம் வியாபாரி வந்து கொட்டகையிலேயே பிடிச்சுட்டுப் போகிற விலை, உயிர் எடை கிலோ 120. தொண்ணூறுக்கு 10,800.

புரியுதுங்களா? மருந்து இல்லை, கரண்டு இல்லை, கொட்டகைக் கடன் வட்டி இல்லை, காலையிலும் சாயந்திரமும் கழுவி விடுற ஆளுக்கு ஒரு பைசா கூலி இல்லை. அதெல்லாம் சேர்க்காமலே ஒரு பன்றிக்கு 1,100 ரூபாய் கையை விட்டுப் போகுது. வியாபாரி மனசு இளகி 130 கொடுத்தாலும் 11,700தான். அப்பவும் கைநட்டம்.

குட்டியை நாமே ஈன வைத்தால் மிச்சமாகுமே என்பீர்கள். ஆகும், கொஞ்சம். பன்றி சினை 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள் என்று சொல்வது வழக்கம். ஒரு தாய்ப்பன்றி வருசத்துக்கு ரெண்டு ஈத்து, கைக்கு வந்து சேருகிற குட்டி ஒரு பதினாறு. அந்தத் தாய் வருசம் பூரா தின்கிற தீவனம் ஆயிரம் கிலோவுக்கு மேல். முப்பதாயிரம் ரூபாய். பதினாறால் வகுத்தால் குட்டிக்கு 1,875. அதுக்கு மேல் குட்டித் தீவனம், இரும்புச்சத்து ஊசி, ஆண் பன்றிக்குச் சாப்பாடு. ஒரு ஈத்தில் தாய் புரண்டு படுத்து நாலு குட்டி நசுங்கினால் கணக்கு மறுபடி மூவாயிரத்துக்கு வந்து நிற்கும்.

இப்ப சோளத்துக்கு வருவோம். மேலே 24 ரூபாய் போட்டது மத்திய அரசின் ஆதார விலை. 2022-23ல் குவிண்டால் 1,962 ரூபாயாக இருந்தது, 2025-26க்கு 2,400. மூணே வருசத்தில் 438 ரூபாய் ஏற்றம். பக்கத்து மாவட்டம் பெரம்பலூரில் மானாவாரிக் காட்டில் சோளம் போடுகிறவனுக்கு அந்த விலை வேணும். 2018ல் படைப்புழு வந்து அவன் காடு எப்படிக் கிடந்தது என்று பார்த்தவனுக்கு, அவன் விலையைக் குறை என்று சொல்ல வாய் வராது. என் கோபம் வேற இடத்தில்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கணும் என்று அரசு முடிவு பண்ணியது. 2030க்கு வைத்திருந்த இலக்கை முன்னாடி இழுத்து 2025-26க்குக் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கிறதுக்குக் கட்டுப்பாடு வந்ததும், வடிசாலைகள் எல்லாம் சோளத்துப் பக்கம் திரும்பின. சோளம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024ல் இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் கத்தினார்கள், அவர்கள் குரல் டெல்லி வரைக்கும் கேட்டது. முட்டைக்கு விலை சொல்ல 1982லிருந்து ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருக்கு, தினமும் பேப்பரில் நாமக்கல் முட்டை விலை வருது. பன்னிக்காரன் கத்தினால் முசிறி கைகாட்டியைக்கூடத் தாண்டாது. நீங்க காரில் ஏ.சி. போட்டுக்கிட்டு வாரக் கடைசிக்கு ஏற்காடு போறீங்க இல்ல, அந்த டேங்கில் என் கொட்டகைச் சோளமும் கொஞ்சம் எரியுது.

சரி, அதனாலதான் ஹோட்டல் மிச்சம் என்கிறோம், அது சும்மாதானே என்பதுதானே உங்க வாதம். வாங்க, அதையும் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பன்றி நாளைக்குச் சராசரியாக ஆறு கிலோ சோத்துக் கழிவு தின்னும். இருபதுக்கு 120 கிலோ. முசிறி சின்ன ஊர். இங்கே இருக்கிற மெஸ்ஸும் டீக்கடையும் போடுகிற மிச்சம் ஏற்கெனவே மாடு வச்சிருக்கிறவங்களுக்குப் போய்விடுகிறது. அப்ப திருச்சிதான். குணசீலம், நொச்சியம், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி சத்திரம் பேருந்து நிலையம் போய்த் திரும்ப 80 கிலோமீட்டர். சின்ன யானை வண்டிக்கு அஞ்சு லிட்டர் டீசல், 465 ரூபாய். டிரம் தூக்கி இறக்கி ஓட்டுகிறவருக்கு 600. ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஹோட்டல் பின்வாசலில் நிற்கிற வேலை அது, இதுக்குக் கீழே யாரும் வரமாட்டார்கள். வண்டித் தேய்மானம், டிரம் செலவு 100. காய்ச்ச விறகு 100. அப்புறம் ஹோட்டலுக்கு 100.

ஆமாங்க, ஹோட்டலுக்கு. மிச்சத்தைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைத்தீங்களா? திருச்சியில் ஒரு உணவகத்தில் முதலில் "எடுத்துட்டுப் போனாப் போதும்பா" என்றார்கள். ரெண்டாவது மாசம் பின்வாசல் மேஸ்திரி டீக்காசு கேட்டார். ஆறாவது மாசம் முதலாளியே டிரம்முக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். வேற ஒருத்தர் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கார் என்றார். தான் கொட்ட வேண்டிய குப்பையை ஏலம் விடுகிற சாமர்த்தியம் நமக்கு வராது.

கூட்டுங்க. 1,365 ரூபாய், 120 கிலோவுக்கு. கிலோ 11 ரூபாய் 40 பைசா. "பாத்தீங்களா, 30 ரூபாய்த் தீவனத்துக்கு இது மூணுல ஒரு பங்குதானே" என்று யாராவது கை தூக்குவார்கள். கையை இறக்குங்க தம்பி. அந்த டிரம்மில் முக்கால்வாசி தண்ணி. சாம்பார், ரசம், கை கழுவின தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான். காய வைத்துப் பார்த்தால் 120 கிலோவில் 30 கிலோதான் தீனி. அப்படிப் பார்த்தால் காய்ந்த கணக்கில் கிலோ 45 ரூபாய்க்கு மேல். என் சோளத் தீவனத்தை அதே மாதிரி காய்ந்த கணக்கில் போட்டால் 33 ரூபாய். இலவசச் சாப்பாடு, விலை கொடுத்து வாங்கின சாப்பாட்டைவிட 12 ரூபாய் கூட!

இதே வண்டி அறுபது பன்றிக்குப் போனால் கதை வேற. டீசல் அதே 465தான். கூலி 900 ஆகும், விறகு 250, ஹோட்டலுக்கு 300, தேய்மானம் 100. 2,015 ரூபாய்க்கு 360 கிலோ. காய்ந்த கணக்கில் 22 ரூபாய்தான். நூறு பன்றிக்கு இன்னும் இறங்கும். அதாவது ஹோட்டல் மிச்சம் என்பது பெரிய பண்ணைக்கும் நகரத்தை ஒட்டிக் கொட்டகை வைத்திருக்கிறவனுக்கும் லாபம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிறு விவசாயிக்கு அது நட்டம். வீடியோவில் இந்த ஒரு வரியை எவரும் சொல்வதில்லை. அது பொய் இல்லை, பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் ஆள் கடன் வாங்குகிறான்.

டிரம்முக்குள் என்ன இருக்கு என்பதையும் கொஞ்சம் பாருங்க. சோறு, இட்லி, பரோட்டா, எல்லாம் மாவுச்சத்து. வெந்த சோற்றில் புரதம் நூற்றுக்கு மூணுகூட வராது. அதனால் சோத்துக் கழிவு போட்டாலும் புண்ணாக்கும் தாது உப்பும் தனியாக வாங்கியே ஆகணும். வெறும் சோறு தின்ற பன்றிக்கு முதுகில் மூணு விரல் கொழுப்பு நிற்கும், வியாபாரி தொட்டுப் பார்த்துட்டு விலையைக் குறைப்பார். அப்புறம் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் ஒரே டிரம்மில் விழுந்து, அன்னைக்குன்னு பார்த்துத் தண்ணித் தொட்டியும் காலியாக இருந்தால் பன்றி கிறுகிறுவென்று சுத்தி, இழுத்துக்கொண்டு விழும். உப்பே விஷமாகிவிடும். பல்குத்தும் குச்சி, முள்கரண்டி, ஐஸ்கிரீம் கப், டிஷ்யூ பேப்பர், வாழை இலையில் அடித்த ஸ்டேப்ளர் பின், சாம்பார் கட்டிக் கொடுத்த பாலித்தீன் பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் தடை. அந்தத் தடையின் கதி என்ன என்று தெரிஞ்சுக்கணும்னா எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். எங்க கொட்டகை வாசலில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் பாருங்க. வீட்டம்மா கையுறை போட்டுக்கிட்டு தினம் ஒரு மணி நேரம் பொறுக்குறாங்க. அந்த ஒரு மணி நேரத்தை நான் மேலே கணக்கில் சேர்க்கவே இல்லை.

காய்ச்சுவது ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. பன்னிதானே, பச்சையாப் போட்டா என்ன? அதுலதான் ஊரே அழியும். 2001ல் இங்கிலாந்தில் கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று எரித்தார்கள். அது கிளம்பினது சரியாகக் காய்ச்சாத எச்சில் கழிவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் இருந்துதான் என்று விசாரணையில் சொன்னார்கள். அந்த வருசமே அங்கே எச்சில் தீவனத்துக்குத் தடை போட்டார்கள். நம்ம நாட்டுக்கு 2020ல் அசாம், அருணாசலம் வழியாக ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. 2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடி. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தன. மனுசனுக்கு இது ஒட்டாது. ஆனா பன்றிக்கு வந்தால் மருந்து இல்லை. ஒரு கொட்டகையில் வந்தது உறுதியானால் அங்கே இருக்கிற அத்தனையும், சுத்துவட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற மத்தவன் பன்றியும் குழிக்குள் போகணும். அந்தக் கிருமி பன்றிக்கறித் துண்டில், உறைய வைத்த கறியில்கூட மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். எவரோ ஒருத்தர் தட்டில் மிச்சம் வைத்த ஒரு துண்டு போதும். அதனால்தான் கொதிக்கக் கொதிக்க அரை மணி நேரமாவது காய்ச்சுகிறோம். அதில் விறகு மிச்சம் பிடிக்கிறவன் தன் கொட்டகையோடு பக்கத்துக் கொட்டகையையும் சேர்த்துக் கொளுத்துகிறான்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. இயற்கை, தற்சார்பு பேசுகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நானும் அந்த வழியில் பாதி நடக்கிறவன்தான். "சோளம் எதுக்குங்க, அசோலா வளர்த்துப் போடுங்க, வாழைத்தண்டு வெட்டிப் போடுங்க" என்பார்கள். அசோலாவில் புரதம் 25 சதவீதம் என்று எல்லா நோட்டீஸிலும் இருக்கும். அது காய்ந்த அசோலாவில். தொட்டியிலிருந்து அள்ளுகிற பச்சை அசோலா ஒரு கிலோவில் 930, 940 கிராம் தண்ணி. புரதம் என்று பார்த்தால் 15 கிராம் தேறும். வளர்ற பன்றிக்கு நாளைக்கு 300 கிராமுக்கு மேல் வேணும். அப்ப இருபது கிலோ அசோலா, ஒரு பன்றிக்கு, ஒரு நாளைக்கு! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான். வாழைத்தண்டும் அப்படியே, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணி. எங்க முசிறி, தொட்டியம் பக்கம் தார் வெட்டின மரம் வேணும்கிற அளவு கிடக்கு, நறுக்கிப் போடுகிறேன், பன்றி சந்தோசமாக மெல்லுது, வயிறு நிறையுது. எடை ஏறாது. காற்றில் விழுந்த தாரில் இருக்கிற காயை வேகவைத்துப் போட்டால் சோளத்தில் கொஞ்சம் குறைக்கலாம், அது உண்மை. ஆனா அது காற்று அடித்த வாரத்தில் மட்டும் கிடைக்கிற உண்மை, அதுக்கு நான் கொடுக்கிற விலை ஒரு தோட்டம்.

அப்ப அந்தக் காலத்தில் மட்டும் எப்படிச் செலவில்லாமல் வளர்த்தார்கள் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் பன்றிக்குச் சாப்பாடு போட்டது வளர்த்தவர் இல்லை, ஊர். அதுவும் ஊரின் சாக்கடையும், ஊர் ஒதுங்கின இடமும். ஊரில் எவரும் தொடாத அழுக்கைத் தின்று தீர்த்தது கறுப்புப் பன்றி, அதை மேய்த்தவர்களையும் ஊர் தொடாமல் வைத்திருந்தது. கோயிலில் வராகமூர்த்தி என்று கை கூப்புவோம், வீதியில் கண்டால் கல்லெடுப்போம். மேய்ந்த பன்றியின் கறியில் நாடாப்புழுவின் இளம்புழு கட்டிகளாக உட்கார்ந்திருக்கும். அந்தப் புழுவின் முட்டை மனுசன் வயிற்றுக்குள் போனால் மூளை வரைக்கும் ஏறி வலிப்பு வர வைக்கும். இப்ப கழிப்பறை வந்துவிட்டது, நகராட்சி தெருப்பன்றியைப் பிடிக்க வண்டி அனுப்புகிறது. நல்லதுதான். கொட்டகையில் அடைத்து, சிமெண்ட் தரை போட்டு, சுத்தமான தீவனம் போட்டு வளர்க்கிறோம். அதுவும் நல்லதுதான். ஆனா தெருவில் மேய்ந்த பன்றிக்கு இருந்த விலை நினைப்பிலேயே, கொட்டகைப் பன்றிக்கறியை வாங்க வராதீங்க. ஆட்டுக்கறிக்கு எண்ணூறு, ஆயிரம் எடுத்து வைக்கிற கை, பன்றிக்கறி என்றால் முந்நூறுக்கே "என்ன இவ்வளவா" என்று நிற்கிறது.

இந்த லட்சணத்தில்தான் தமிழ்நாட்டில் பன்றி அழிந்துகொண்டு வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சத்துச் சொச்சம் பன்றி, முந்தின கணக்கெடுப்பைவிட 12 சதவீதம் குறைவு. நம்ம மாநிலத்தில் மொத்தமே 67 ஆயிரம். கோழி பன்னிரண்டு கோடி. அசாமில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் பன்றி. இங்கே என்ன குறை? காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் நல்ல இனக் குட்டி உருவாக்கி வைத்திருக்கு, பயிற்சி கொடுக்கிறார்கள், அங்கே போய் வந்தவன் நான், குறை சொல்ல மாட்டேன். குறை திட்டம் போடுகிற இடத்தில். தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் என்று பெரிதாகப் போடுகிறார்கள். யாருக்கு? குறைந்தது 50 தாய்ப்பன்றி, 5 ஆண் பன்றி வைக்கிறவருக்கு. அவருக்கு 15 லட்சம் வரை. நூறு தாய் வைத்தால் 30 லட்சம் வரை. மூணு தாய் வச்சிருக்கிறவன் அந்த விண்ணப்பத்தைத் தொடவே முடியாது. அந்த மானியமும் கொட்டகைக்கு, குட்டி வாங்க, எந்திரத்துக்கு. செலவில் முக்கால் பங்கு எங்கே போகுதோ அந்தத் தீவன மூட்டைக்கு அதில் இடமே இல்லை. அடுப்பு கட்டக் காசு கொடுத்துட்டு அரிசி உன் பாடு என்கிற கதை.

நான் கேட்பது மானியம்கூட இல்லை. நியாயமான கணக்கு. திருச்சிக்காரங்களுக்கு அரியமங்கலம் குப்பைக் கிடங்கு தெரியும். 47 ஏக்கர். அது புகைந்த காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் நீங்கள். அந்த மலையை அள்ளிப் பிரித்து ஒழிக்கக் கோடிக்கணக்கில் செலவாச்சு. ஈரக் குப்பையை எடுக்க ஆளுக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல், உரக்கிடங்குக்கு இடம், எல்லாம் உங்க வரிப்பணம். அதே ஈரக் குப்பையில் 360 கிலோவை தினம் ஒரு பன்னிக்காரன் சொந்த டீசல் போட்டு எடுத்துக்கொண்டு போனால், அவன் நகரத்துக்குச் செய்கிறது சேவையா, இல்லை நகரம் அவனுக்குப் போடுகிறது பிச்சையா? குப்பை எடுக்கிற ஒப்பந்தக்காரருக்குக் காசு கொடுக்கிறீங்க. என்கிட்ட காசு வாங்குறீங்க. ரெண்டு பேரும் எடுக்கிறது ஒரே டிரம்.

2016ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதியே தெளிவாகச் சொன்னது. குப்பையை உருவாக்குகிற இடத்திலேயே பிரிக்கணும். ஹோட்டலும் மண்டபமும் அதுக்குப் பொறுப்பு. நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறவர் தனி வகை. ஆக, பிரித்துக் கொடுப்பது எங்களுக்குச் செய்கிற தயவு இல்லை, உங்க மேல் இருக்கிற சட்டம். ஜப்பானில் 2001லேயே உணவுக் கழிவு மறுசுழற்சிக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே கடைகளில் மிஞ்சினதைப் பிரித்து, சூடுபடுத்தி, நொதிக்க வைத்துப் பன்றித் தீவனமாக விற்கிறார்கள். அந்தத் தீவனத்தில் வளர்ந்த கறியைப் பெருமையாகப் பெயர் போட்டு விற்கிறவர்களும் உண்டு. அங்கே அது தொழில். இங்கே ராத்திரி பதினொன்றுக்குப் பின்வாசல்.

முசிறி மாதிரி ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு காய்ச்சுகிற கூடம் போதும். ஒரு வண்டி, பெரிய நீராவிக் கொப்பரை ரெண்டு, பிரித்துப் பார்க்க நாலு பேருக்குக் கூலி. இருபது பன்றி வச்சிருக்கிற பத்துப் பேர் சேர்ந்தால் இருநூறு பன்றி. மேலே போட்ட கணக்கு அப்படியே எங்க பக்கம் திரும்பிடும். காய்ச்சினதை மட்டும்தான் கொட்டகைக்குக் கொடுக்கணும் என்று கால்நடைத் துறை கையெழுத்துப் போட்டால் நோய்ப் பயமும் பாதியாகக் குறையும். அம்பது தாய்ப்பன்றிக்குக் கொடுக்கிற அந்த 15 லட்சத்தில் இதை ஆரம்பித்துவிடலாம் என்பது என் மதிப்பு. மகளிர் குழுவிடம் கொடுங்க, ஒழுங்காக நடத்துவார்கள். ஒரு பெரிய முதலாளி கையில் கொடுத்தீங்க என்றால் ஆறாவது மாசம் எங்களுக்கு டிரம்முக்கு விலை சொல்வார்.

அது வருகிறபோது வரட்டும். தில்லைநகர், கே.கே.நகர், ஸ்ரீரங்கம் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறவங்களும் மண்டபம் நடத்துகிறவங்களும் நாளையிலிருந்தே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பின்பக்கம் மூடி போட்ட ரெண்டு டிரம் வைங்க. சாப்பாட்டு டிரம்மில் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, காய்கறித் தோல், பழத்தோல், மிஞ்சின பொரியல், கூட்டு போடலாம். சாம்பார், ரசத்தை வடிச்சுட்டுப் போடுங்க, தண்ணியைத் தூக்கிட்டு நாற்பது கிலோமீட்டர் வர முடியாது. ஊறுகாய், அப்பளம், எலும்பு, கறி, மீன் முள், இலை, டீத்தூள், குச்சி, பேப்பர், பை எல்லாம் அடுத்த டிரம்முக்கு. பன்றிக்கறி சாப்பிட்ட தட்டு மிச்சம் சாப்பாட்டு டிரம் பக்கமே வரக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்குள் வெளியே எடுத்து வச்சுட்டா வண்டிக்காரர் பதினொன்று வரைக்கும் நிற்க வேண்டாம், அவர் கூலியில் நூறு ரூபாய் குறையும். டிரம்முக்கு விலை கேட்காதீங்க.